நிமிடத்துக்குப் பன்னிரண்டு

சூரமங்கலத்தில் மாடி வீடு.
கீழே வீட்டுக்காரர் வகாப் பாய்.
அவர் கட்டிலுக்கு நேர் மேலே
எங்கள் கத்தரிச் செடி.

"உங்க தோட்டம் என் தலகாணியில சொட்டுதுங்க"
என்று அவர் படியேறி வந்து சொன்ன மறுநாள்
அம்மா டூட்டி முடிந்து வரும்போது
காலி குளுக்கோஸ் பாட்டில் நாலும்
குழாய் நாலும் கொண்டுவந்தாள்.
கொதிநீரில் போட்டெடுத்துத்
துணிக்கொடியில் தலைகீழாகக் கட்டினாள்.

நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொட்டு, கத்தரிக்கு.
ரோஜாவுக்கு ஒன்பது.
கற்றாழைக்கு வேண்டாம்,
அது டிஸ்சார்ஜ் ஆன கேஸ்.

மேட்டூர்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை.
ஆறாம் நாள் அரிசி கழுவியது.
ஏழாம் நாள் எங்கள் மூவரின் முகம் கழுவியது.
எட்டாம் நாள்
செடிகளும் நாங்களும்
குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்பா வெள்ளைக்கல் சுரங்கத்தில் லாரிக் கணக்கு.
இமை வெளுத்துத்தான் வீடு வருவார்.
"எங்க மண்ணுல ஆவாரைகூட
யோசிச்சுத்தான் பூக்கும்"
என்பார், செருப்பைத் தட்டிக்கொண்டே.

ஒரு மே மாதம் ஏற்காடு மலர்க் கண்காட்சியில்
ஏழு ரூபாய்க்கு ஒரு காப்பிக் கன்று.
மலை இறங்கும் பஸ்ஸில்
அது அக்கா பொற்கொடியின் மடியில்.
பதினாலாவது கொண்டை ஊசியில்
அவளுக்கு வாந்தி வந்தது.
கன்றை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.
பாவாடை போயிற்று.
அவள் கல்யாணத்தில் மாமா சொல்லிச் சிரித்ததும்
அதைத்தான்.

கன்று சேலத்து வெயிலை மன்னிக்கவில்லை.
அம்மா ஈரச் சாக்கு போர்த்துவாள்,
புறங்கையால் இலையைத் தொட்டுப் பார்ப்பாள்,
காய்ச்சல்காரன் நெற்றியைப் போல.

நைட் ஷிஃப்ட் வாரத்தில் மொட்டைமாடி அப்பா பொறுப்பு.
லோடு எண்ணத் தெரிந்தவருக்குச்
சொட்டு எண்ண வரவில்லை.
"குடிச்சிட்டுப் போகட்டுமே"
என்று சக்கரத்தை முழுக்கத் திருகிவிட்டார்.
நடுராத்திரி வகாப் பாய்
தலையணையோடு மேலே வந்தார்.
நாலாம் நாள் ரோஜா அழுகியது.

அம்மா திட்டவில்லை.
கோடு போட்ட நோட்டில் எழுதினாள்:
"பெட் 3. ரோஜா. காலை 7.40."
அவ்வளவுதான்.
அப்பா அன்று முழுதும்
யாரிடமும் பேசவில்லை.

காப்பி ஒரே ஒரு வருடம் காய்த்தது.
பதினோரு பழம்.
காயவைத்து, வறுத்து, அம்மியில் பொடித்து
நாலு பேருக்கு அரை டம்ளர்.
மகா கசப்பு.
நல்லா இருக்கு என்று
நாலு பேரும் பொய் சொன்னோம்.

வெள்ளைக்கல் தூசி
அப்பாவின் நெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தபோது
அம்மா ரிட்டயர் ஆகியிருந்தாள்.
அதே ஆஸ்பத்திரி, அவள் வேலை பார்த்த வார்டு.
ராத்திரி நான் பக்கத்தில்.
அப்பா பாட்டிலைப் பார்த்தபடி
உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.
சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"பதினாறு" என்றார்.
"வேகமாப் போகுது கண்ணு. ஒங்கம்மாளக் கூப்புடு."

ஓடிவந்த சின்ன நர்ஸ்
கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.
பதினாறுதான்.

காரியமெல்லாம் முடிந்து
அலமாரியை ஒதுக்கும்போது அந்த நோட்டு கிடைத்தது.
முன்பக்கமெல்லாம் அம்மா கையெழுத்து.
திருப்பிப் பிடித்தால், பின்னாலிருந்து,
பென்சில் கோடுகள்.
நாலு நின்று, ஐந்தாவது குறுக்கே விழுந்து.
லோடு கணக்கு.
ஆனால் மேலே லாரி நம்பர் இல்லை.
"இரவு 11.10" என்று இருந்தது.
"11.15."
"11.20."
ஒவ்வொரு வரியிலும்
இரண்டு கட்டு, தனியாக இரண்டு கோடு.
சிலதில் ஒன்று கூடி, அடித்துத் திருத்தி.

எந்த வருடம் என்று போடவில்லை.
அம்மாவிடம் காட்டினேன்.
கண்ணாடி போட்டுக்கொண்டு
கடைசிப் பக்கம் வரை பார்த்தாள்.
"கத்தரிக்குச் சரியாத்தான் விட்டிருக்காரு"
என்றாள்.

இப்போது தளத்துக்கு
வகாப் பாயின் மகன் பூச்சு அடித்துவிட்டான்.
எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாமாம்.